அடுத்த புத்தகம்

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டம் நடத்திய நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நூலகத்தில் புதிய வரவுகளும் வாசகர் விரும்பும் நூல்களும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள் என்று போனில் சொன்னார்கள். பட்டியல் வாசிப்பேன் என்று பேனாவும் நோட்டுமாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில நூல்களின் பெயரைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குப் பேச ஆசை வேறொன்று. ஒருவர் விரும்பிக் கேட்ட புத்தகத்தை எடுத்துப்போகிறார். படிக்கிறார். திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார். அப்போது அவர் கையில் அடுத்து என்ன கொடுப்பது? முதல் புத்தகத்தை சினிமா கொடுத்துவிடும். ஏதாவது ஒரு பரிசு அறிவிப்பு கொடுத்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்துவிடுவார். இரண்டாவது புத்தகத்தைக் கொடுக்க நூலகத்தை விட்டால் நாதியில்லை. இதுதான் என் கட்சி. மற்றதெல்லாம் இதற்கு வியாக்கியானம்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கல்கி 1950 அக்டோபரில் தம் பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' எழுதத் தொடங்கினார். 1954 வரை வாராவாரம் வந்தது. வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்துக்கொண்டார்கள். மணியம் வரைந்த படமும், பக்க ஓரத்துச் சோப்பு விளம்பரமும், யாரோ ஒரு பாட்டி பென்சிலால் போட்ட பால் கணக்கும் சேர்ந்த அந்தப் பைண்டு வால்யூம்கள்தாம் பல குடும்பங்களுக்கு முதல் நூலகம். 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும் விதவிதமான விலையில் பதிப்புகள் வந்து குவிந்தன. 2022 செப்டம்பரில் மணிரத்னம் படத்தின் முதல் பாகம் வந்தது, 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். அதுவரை நூலகப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பிள்ளைகளெல்லாம் வந்து நின்றார்கள்.

ஏதாவது ஒரு நூலகத்தில் அந்த ஐந்து பாகங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் பாகமான 'புது வெள்ளம்' முதுகு கழன்று, ஓரம் கறுத்து, இரண்டாவது முறை பைண்டிங் கண்டிருக்கும். ஐந்தாம் பாகமான 'தியாக சிகரம்' அவ்வளவு அடிபட்டிருக்காது. எத்தனை பேர் கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை ஏறினார்கள், எத்தனை பேர் கடைசிவரை போய்ச் சேர்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் வேண்டாம். புத்தகத்தின் முதுகே சொல்லிவிடும். நடுவில் 'கொலைவாள்' மட்டும் எப்போதும் இடத்தில் இருக்காது. யார் வாங்கிப்போனது என்று தேதிச்சீட்டைப் பார்க்கலாமென்றால், தேதிச்சீட்டு புத்தகத்துக்குள் இருக்கிறது, புத்தகம் அவர் வீட்டில் இருக்கிறது.

படித்து முடித்துத் திரும்பி வருகிறவர்களில் ஒரு சாரார், "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்பார்கள். அவர்களுக்குச் சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா' இருக்கின்றன. பாலகுமாரனின் 'உடையார்' இருக்கிறது. விகடனில் தொடராக வந்து, இன்றைக்கு இளைஞர்கள் பெயர் சொல்லிக் கேட்கிற சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' இருக்கிறது. இவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம்.

இன்னொருத்தர் வருவார். மேசைக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "சார், ஆதித்த கரிகாலனை உண்மையிலேயே யார் கொன்றது?" என்று கேட்பார். நூலகர்கள் இந்த ஆளுக்காகத்தான் சம்பளம் வாங்குகிறோம் என்பேன். அவர் கதை அலமாரியை விட்டு நகரத் தயாராகிவிட்டார். எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவரிடம் தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தைக் கொடுக்க வேண்டும். காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் சொத்தை இராசராசன் ஆட்சியில் பறிமுதல் செய்த செய்தி அதில் வருகிறது. நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் என்ற பெயர் கல்கியின் கற்பனையில்லை, கல்லிலேயே இருக்கிறது என்று தெரியும்போது அந்த வாசகர் முகத்தைப் பார்க்க வேண்டும்! வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இந்தக் கொலையில் உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். இரண்டு அறிஞர்கள் ஒரே சான்றை வைத்துக்கொண்டு வழக்காடுவதைச் சாதாரண வாசகர் ஒருவர் முதன்முதலாகப் பார்க்கிறார். கல்கி கதையைத் தொடங்கும் அந்த ஏரி, கல்வெட்டு இருக்கும் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய் அவரே பார்த்துவிட்டு வரலாம். சினிமா பார்த்துவிட்டு நூலகத்துக்கு வந்த ஆள் கல்வெட்டு வரைக்கும் போய்விட்டார். இதற்கு நடுவே நூலகர் செய்தது ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டியதுதான்.

ஜனங்கள் விரும்பும் புத்தகத்தை இளக்காரமாகப் பார்க்கிற வழக்கம் நம் படித்தவர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதித் தள்ளியபோது, பெண்பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று திட்டினார்கள். இன்றைக்கு அதே நாவல்களைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள். ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் நாளைக்கு யாராவது ஆராய்வார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய மாத நாவல்களை வாங்கிப் படித்த ஒரு தலைமுறை இருக்கிறதே, தமிழில் அச்செழுத்தை உயிரோடு வைத்திருந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இலக்கியப் பத்திரிகைகளின் சந்தாதாரர்களைப் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் அடைத்துவிடலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ரமணிசந்திரன் நாவல்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே வரமாட்டார்கள். மகனிடமோ வீட்டுக்காரரிடமோ துண்டுச்சீட்டு கொடுத்தனுப்புவார்கள். அந்தச் சீட்டில் ஏற்கெனவே படித்த புத்தகங்களுக்கெல்லாம் டிக் போட்டிருக்கும். அவ்வளவு ஒழுங்கான வாசகரை வேறெங்கும் பார்க்க முடியாது. இவர்களுக்கு ராஜம் கிருஷ்ணனைக் கொடுத்துப் பாருங்கள். கதை ஓட்டம் விட்டுப்போகாது, குடும்பம் இருக்கும், பெண் இருப்பாள். ஆனால் 'கரிப்பு மணிக'ளைத் திறந்தால் தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்கிற பெண்ணோடு நிற்க வேண்டியிருக்கும். 'குறிஞ்சித் தே'னில் நீலகிரிப் படகர்களின் வாழ்க்கை. தம் கதைமாந்தர் எங்கே வேலை செய்கிறார்களோ அங்கேயே போய்த் தங்கிக் கேட்டு எழுதியவர் அவர். உயிரோடு இருக்கும்போதே, 2009-இல், அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அங்கிருந்து ஆர். சூடாமணிக்கும் அம்பைக்கும் நடந்துபோகும் தூரம்தான். எல்லோரும் போகமாட்டார்கள். சிலர் பாதியில் திருப்பித் தந்துவிட்டு, "அழுகாச்சியா இருக்குங்க" என்று பழையபடி ரமணிசந்திரனுக்கே போய்விடுவார்கள். போகட்டும். அவர்கள் படிப்பது அவர்கள் சந்தோஷத்துக்கு. பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தான் பரிமாற வேண்டும், தன் நாக்கைக் கேட்டு இல்லை.

இன்றைக்கு நம் பொது நூலகங்களில் பெரியவர்கள் மிக அதிகமாகப் புரட்டும் புத்தகம் எது தெரியுமா? ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூல். சிரிக்காதீர்கள், பின்வரிசையில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளைக் கேட்டுப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள்தாம் வேதம். காலையில் நூலகம் திறக்கும் முன்னே வந்து, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை இருக்கிறவர்கள் இவர்கள். இவர்களால் நூலகத்தில் இடமில்லை என்று சில மூத்த வாசகர்கள் புகார் சொல்கிறார்கள். நான் இவர்கள் பக்கம். வீட்டில் தனி அறையோ மின்விசிறியோ இல்லாதவருக்கு இந்த மேசை எவ்வளவு பெரிய சொத்து என்று யோசிக்க வேண்டும். ஒரு ஆதங்கம் மட்டும் உண்டு. இத்தனை நேரம் நூலகத்தில் இருக்கிறவர்கள் உறுப்பினர் அட்டை போட்டு ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. தேர்வு எழுதி முடித்த மறுநாள், முடிவு வரும்வரை, எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாத அந்தக் காலத்தில் நூலகர் அவர்களைப் பிடிக்க வேண்டும். ஒரு சுஜாதா போதும்.

இனி புதிய வரவுகளுக்கு வருகிறேன். புதுப் புத்தகம் இந்த அலமாரிக்கு எப்படி வருகிறது என்று வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது உங்கள் பணம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டம் செய்த முதல் மாநிலம் நாம்தான். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். அதற்குப் பின்னால் பல ஆண்டு விடாமல் நின்றவர் நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தமிழ்நாட்டில் இப்போது 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன என்றால் அதற்கு அஸ்திவாரம் இந்த 10 காசு.

நூல்களை வாங்குவதற்கு நூலக ஆணை என்று பெயர். பதிப்பாளர்கள் விண்ணப்பிக்கிறார்கள், தேர்வுக்குழு பார்க்கிறது, விலை நிர்ணயம் ஆகிறது. தமிழில் ஒரு நூல் ஆயிரம் பிரதி அச்சாவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், பல பதிப்பகங்களுக்குச் சோறு போட்டது இந்த ஆணைதான். அதே ஆணையால் விபரீதமும் விளைந்தது. யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே, ஆணைக்காக மட்டும் அச்சான நூல்கள் வந்தன. அவற்றைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெரிய எழுத்து, அகலமான ஓரம், பக்கம் பக்கமாக அணிந்துரை. எத்தனை ஆண்டானாலும் புதுவரவு போலவே பளபளவென்று அலமாரியில் இருக்கும்.

தாமதம் இன்னொரு சிக்கல். சாகித்திய அகாதெமி விருது பெரும்பாலும் டிசம்பரில் அறிவிப்பார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. 2023-க்குத் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', 2024-க்கு ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. அறிவித்த வாரமே வாசகர் வந்து கேட்பார். ஆணை, ஒப்புதல், விநியோகம், பதிவேட்டில் ஏற்றி முத்திரை குத்துவது எல்லாம் முடிந்து அந்தப் புத்தகம் ஒரு ஊர்ப்புற நூலகத்துக்கு வரும்போது கேட்டவருக்கே மறந்துபோயிருக்கும். 2024-இல் அரசு வெளிப்படையான நூல் கொள்முதலுக்கென்று புதிய கொள்கை வகுத்து, விண்ணப்பத்தை இணையவழி ஆக்கியிருக்கிறது. நல்ல காரியம். அதோடு, கிளை நூலகர் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, 'இந்த ஊர் கேட்கிற நூலை இந்த மாதமே வாங்கிக்கொள்' என்று விட்டால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். அவர் பில் வைக்கட்டும், தணிக்கையும் நடக்கட்டும். ஒரு நூலகரை நம்பி லட்சக்கணக்கான ரூபாய் பெறும் நூல்களை ஒப்படைக்கிறோம், சில்லறைச் செலவுக்கு மட்டும் நம்பமாட்டோம் என்றால் எப்படி?

நம்பிக்கை என்றதும் பூட்டு ஞாபகம் வருகிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வந்த சில நாளிலேயே நூலகத்தின் தனிமை பொறுக்காமல், என்னைக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பிறகும் பிடிக்கவில்லையென்றால் திரும்பிக்கொள்ளலாம் என்றார்கள். போனவர் நூலகராகவே திரும்பி வந்தார். 1931-இல் வந்த, நூலகத்துக்கான அவருடைய ஐந்து விதிகள் உலகமெங்கும் இன்றும் பாடம். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அதை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. வாசகருக்கு நூலைத் தேடித் தருவது பெரிய வேலையில்லை, அவரே பெயரைச் சொல்லிக் கேட்பார். நூலுக்கு வாசகரைத் தேட வேண்டுமே, நூல் வாய்திறந்து கேட்காதே! அதற்காகத்தான் அவர் அலமாரிகளைத் திறந்துவிடச் சொன்னார். வாசகர் உள்ளே நுழைந்து நடக்கட்டும், கை நீட்டி எடுக்கட்டும், ஒன்றைத் தேடி வந்தவர் பக்கத்திலிருக்கும் இன்னொன்றில் தடுக்கி விழட்டும்.

ஆனால் நம் ஊரில் நூலகத்துக்குள் கண்ணாடி பீரோவும் பூட்டும் ஏன் வந்தன? நூலகர்கள் கெட்டவர்கள் என்பதாலா? இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தால் அதன் விலையைத் தம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டுமே என்ற பயம்தான் காரணம். பணம் கட்டியவர்கள் உண்டு. பயந்த நூலகர் பூட்டத்தான் செய்வார். அதிலும் முதலில் பூட்டப்படுவது குழந்தைகள் புத்தகம், ஏனென்றால் அதுதான் வண்ணப்படத்தோடு விலை கூடியது, சீக்கிரம் கிழிவது. இப்படித்தான் பிள்ளைகளுக்கென்று வாங்கிய நூல்கள் பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் பத்திரமாக இருக்கின்றன. கிழிந்த குழந்தைப் புத்தகத்தை இழப்புக் கணக்கில் எழுதாமல் வரவுக் கணக்கில் எழுத ஒரு விதி செய்தால் இந்தப் பூட்டுகள் தாமே திறந்துகொள்ளும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வந்துவிட்டேன், இனிக் கொஞ்ச நேரம் இங்கேதான் இருக்கப் போகிறேன்.

என் வயதுக்காரர்களைக் கேட்டால் அம்புலிமாமா என்பார்கள், வாண்டுமாமா என்பார்கள், அழ. வள்ளியப்பா என்பார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று பெருமூச்சு விடுவார்கள். இந்தப் பெருமூச்சை நான் ஏற்கவில்லை. அம்புலிமாமா 1947-இல் வந்தது, அருமையான பத்திரிகை. பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதியில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் செய்து கொடுத்தார், அதற்கு இணையாக இன்னொன்று வரவில்லை. எல்லாம் சரி. ஆனால் நாம் சின்ன வயதில் படித்ததையே பேரப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, அவன் படிக்கவில்லையே என்று கவலைப்பட்டால் அது நம்முடைய ஏக்கம், அவனுடைய வாசிப்பில்லை.

கடந்த சில ஆண்டுகளில் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்களை மட்டும் பாருங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020. ஒரு பொம்மை சிறுமியோடு பேசுகிறது. பேசுகிற விஷயமோ பெரியவர்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற விஷயம், தொடக்கூடாத தொடுகை பற்றியது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023. ஒரு பையன் கீழடிக்குப் போகிறான். யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2024. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா', 2025. பாட்டி வடை சுட்ட காலத்திலிருந்து குழந்தை இலக்கியம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது! இதில் எத்தனை நம் நூலகத்தில் இருக்கிறது என்று நூலகர் அம்மாவிடம் வரும்போதே கேட்டேன். பதிலை அவரே சொல்லட்டும், நான் மாட்டிவிடமாட்டேன்.

'மரப்பாச்சி'யை எந்த அலமாரியில் வைப்பது? குழந்தைகள் அலமாரியில் என்பது விதி. ஆனால் அம்மா படித்தால்தான் அதைப் பிள்ளையோடு பேச முடியும். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரு சின்ன வெளியீடு, ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி கேட்கும் ஒரு மாணவியின் கதை. பிள்ளைகளைவிட ஆசிரியர்களை அது அதிகம் உலுக்கியது. ஜப்பானிலிருந்து வந்த 'டோட்டோ-சா'னும் அப்படித்தான், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழுக்கு வந்தது. சிறுமியைப் பற்றிய புத்தகம் என்று குழந்தைகள் பக்கம் வைத்தால், அங்கே எட்டிப் பார்க்காத ஆசிரியருக்குக் கிடைக்காமல் போகும். ஆகவே பெரியவர் பகுதி, சிறுவர் பகுதி என்று சுவர் எழுப்புவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி, நடுவில் செயற்கை மரம், அதன் நிழலில் உட்கார்ந்து படிக்க இடம். பார்க்கவே கண்ணுக்கு நிறைவு. பெரிய கட்டடத்துக்கு அது பொருந்தும். நம்மைப் போன்ற இரண்டு அறை நூலகத்துக்கு, அப்பா பேப்பர் படிக்கிற மேசைக்குக் காலடியில் பிள்ளைகள் பாய் இருந்தாலே போதும். அப்பா படிப்பதைப் பிள்ளை பார்க்கும். பிள்ளை என்ன படிக்கிறது என்று அப்பாவும் குனிந்து பார்ப்பார்.

பார்ப்பாரே தவிர, பிடுங்கக் கூடாது. எல்லா நூலகத்திலும் நடக்கிற காட்சி இது. பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தை ஆசையாக எடுத்து வரும். பெற்றவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கதையா? போய் ஜெனரல் நாலெட்ஜ் எடுத்துட்டு வா" என்பார். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. அதேபோல, எடுத்த புத்தகத்தையே மறுபடி மறுபடி எடுக்கும் பிள்ளைகள் உண்டு. நூலகர்கள் தயவுசெய்து, "இதான் போன வாரம் எடுத்தியே" என்று கேட்காதீர்கள். எதற்காக அதே புத்தகம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுக்கு அரசின் வாசிப்பு இயக்கம் நல்ல வேலை செய்திருக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து, ஒரே இருப்பில் முடித்துவிடக்கூடிய சின்னச் சின்னப் புத்தகங்கள். முழுப் புத்தகத்தையும் நானே படித்தேன் என்ற பெருமை ஏழு வயதில் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

எனக்குக் கவலை பதின்மூன்று, பதினான்கு வயதில். படக்கதை சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறது. பெரியவர் நாவல் பிடிபடவில்லை. தமிழில் அந்த வயதுக்கான நூல்கள் மிகவும் குறைவு. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அங்கே போய்விடுகிறது, தெரியாத பிள்ளை செல்போனுக்குப் போய்விடுகிறது. பையன்கள் வாசிப்பிலிருந்து அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் காலத்தில் இந்தப் பள்ளத்தைத் தாண்ட உதவியது காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இல்லையென்றால் என் நண்பர்கள் பலர் புத்தகத்தையே தொட்டிருக்கமாட்டார்கள். நூலகம் காமிக்ஸை இன்றுவரை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. படம் போட்டால் அது இலக்கியமாகாது என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு தட்டு முழுக்க காமிக்ஸ், அதற்கு அடுத்த தட்டில் ஜூல்ஸ் வெர்ன் மொழிபெயர்ப்புகள், அதற்கும் அடுத்ததில் சுஜாதாவின் கணேஷ்–வசந்த். இப்படி ஒரு அலமாரியை வைத்துவிட்டு, அதன்மேல் எந்த அறிவிப்பும் ஒட்டாமல் சும்மா விட்டுவிடுங்கள். 'இளைஞர்களே வாருங்கள்' என்று எழுதி ஒட்டினால் ஒருவனும் வரமாட்டான்.

வாசகர் வராவிட்டால் புத்தகம் அவரைத் தேடிப் போகலாம். 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன் ஐந்து விதிகளை வெளியிட்ட அதே ஆண்டு. தஞ்சைச் சீமையின் வண்டிப்பாதையில் நூல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், திரும்பிப் போய் வாங்கினார்கள், வேறு கொடுத்தார்கள். அந்தத் திரும்பிப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை வந்து புத்தகத்தை இறைத்துவிட்டுப் போவதை எந்தத் தர்மப்பிரபுவும் செய்யலாம்.

இந்த நூலகத்துக்கு உடனே செய்யக்கூடியதாகச் சிலவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். புதுவரவு அலமாரியை நூலகர் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் எந்தப் புத்தகமும் அதில் இருக்க வேண்டாம். அதற்குப் பக்கத்திலேயே 'இன்று திரும்பி வந்தவை' என்று ஒரு மேசை போடுங்கள். வாசகர்களுக்குப் புதுவரவைவிட அதுதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் யாரோ ஒருவர் இப்போதுதான் படித்த சூடு அதில் இருக்கிறது. பரிந்துரைப் பதிவேட்டைத் திறந்த பக்கமாக மேசைமேல் வையுங்கள், பேனாவைக் கயிறு கட்டி வையுங்கள். வாசகர் வட்டத்தார் மாதம் ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்து, புரவலர் நன்கொடையிலிருந்து இரண்டு மூன்று புத்தகமாவது வாங்க முடியுமா என்று பேசுங்கள். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. போகும்போது விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஜி.பே. இருக்கிறதா என்று நூலகர் அம்மாவிடம் கேட்காதீர்கள், ரசீதுப் புத்தகம்தான் இருக்கிறது.

பதினைந்து நாள் தவணை தாண்டிவிட்டது என்று வெட்கப்பட்டுக்கொண்டே வராமல் இருக்கிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அபராதம் சில்லறைக் காசு. நூலகர் திட்டமாட்டார் என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். 'கொலைவாள்' யாரிடம் இருக்கிறதோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.

கேள்விகள் இருந்தால் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.